எண்ணெய் கசியாத அகல்: ஒரு கிளேஸ் வகுப்பின் மதிப்புரை

தீபாவளி முடிந்து ஒரு மாதம் ஆன பிறகும் சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு வாசலில், தாழ்வாரத்துச் சிமெண்டுத் தரையில், அகல் வைத்த இடங்கள் வட்ட வட்டமாகக் கறுத்துக் கிடக்கும். கேம்பல் லேனில் வாங்கிவரும் சுடுமண் அகல்களை அம்மா முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் நிழலில் உலர்த்திய பிறகுதான் எண்ணெய் ஊற்றுவார். அப்படிச் செய்தால் அகல் எண்ணெய் குடிப்பது குறையுமே தவிர நிற்காது. வாழையிலைத் துண்டு, அலுமினியத் தாள், உடைந்த தட்டு என்று அடியில் எதையெதையோ வைத்துப் பார்த்துச் சலித்த பிறகு, கசியாத அகலை நானே செய்துவிடுவது என்று தீர்மானித்து, இவ்வாண்டு ஏப்ரலில் ஒரு மட்பாண்டப் பட்டறை நடத்தும் ஆறு வார கிளேஸ் வகுப்பில் சேர்ந்தேன். மண்பாண்டத்தின் மேல் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சைத்தான் கிளேஸ் என்கிறார்கள்.

பட்டறை, தீவின் கிழக்குப் பகுதியில் ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், அச்சகம் ஒன்றுக்கும் கேக் செய்யும் சமையற்கூடம் ஒன்றுக்கும் நடுவே இருக்கிறது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. நிறையோடு குறைகளையும் சொல்லப் போகிறேன், அதை நடத்துபவர்களோ இரண்டே பேர். வாரம் ஒருமுறை, மூன்று மணி நேரம், வகுப்பில் எட்டுப் பேர். கட்டணம் 420 வெள்ளி. நாற்பது சோதனைத் துண்டுகளுக்கான மண், மூலப்பொருள்கள், இரண்டு முறை சுடும் செலவு ஆகியவை இதில் அடங்கும். சக்கரத்தில் வனையச் சொல்லித்தருவதில்லை என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுகிறார்கள். மண்ணைக் கையாண்டு ஓரளவு பழகியவர்களுக்கே இடம் தருகிறார்கள்.

இதற்கு முன் இரண்டு ஆண்டுகள் வேறோர் இடத்தில் வார இறுதி வகுப்புகளுக்குப் போய்வந்தேன். அங்கே சுவரோரமாகப் பத்துப் பன்னிரண்டு வாளிகள் வரிசையாக நிற்கும். மூன்றாம் வாளி நீலம், ஏழாம் வாளி பால்வெள்ளை என்று எழுதி ஒட்டியிருக்கும். குவளையை எந்த வாளியில் முக்குவது என்பது ஒன்றே நமக்கு விடப்பட்டிருக்கும் முடிவு. இரண்டு வாரம் கழித்துக் குவளை அழகாக வந்தால் எல்லோரும் மகிழ்வோம். அசிங்கமாக வந்தால் சூளையின் திருவிளையாடல் என்று சொல்லிச் சிரிப்போம். ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே யாருமில்லை. இந்தப் புதிய வகுப்புக்கு நான் கொடுத்த 420 வெள்ளி, பெரும்பாலும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைப்பதற்காகக் கொடுத்தது என்றே நினைக்கிறேன்.

முதல் வகுப்பில் வாளியே கிடையாது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மின்தராசு, ஐந்து வெள்ளைப் பொடிகள், ஒரு கோடு போட்ட நோட்டு. சிலிக்கா, கயோலின், ஃபெல்ட்ஸ்பார், வோலஸ்டோனைட், போரான் கலந்த ஃபிரிட் (முன்பே உருக்கி அரைத்த கண்ணாடிப் பொடி) ஆகிய ஐந்தையும் நூற்றுக்கு இருபது பங்கு வீதம் நிறுத்துக் கலக்கச் சொன்னார் ஆசிரியை. உலகெங்கும் மட்பாண்டக்காரர்கள் தொடக்கப் பாடமாகப் பயன்படுத்தும் கலவை இது. ஐந்தும் சமம் என்பதால் மறக்கவே முடியாது. கண்ணாடியாக உருகுவது சிலிக்கா, ஆனால் அது தனியே உருக 1700 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும், நம் சூளையோ 1220 டிகிரியைத்தான் எட்டும். ஆகவே அதை இளக்கிக் கொடுக்க ஃபெல்ட்ஸ்பாரும் சுண்ணச்சத்துள்ள வோலஸ்டோனைட்டும் ஃபிரிட்டும் வேண்டும், இளகியது வழிந்து ஓடிவிடாமல் பாண்டத்தைப் பற்றிக்கொண்டு நிற்கக் கயோலினில் உள்ள அலுமினா வேண்டும் என்று அவர் விளக்கிய விதம், ரசத்துக்குப் புளி எதற்கு, பருப்புத் தண்ணீர் எதற்கு என்று என் பாட்டி சொல்லித்தந்ததை நினைவுபடுத்தியது. பாட்டி பல் துலக்கிய உமிக்கரியும் நினைவுக்கு வந்தது. நெல் உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான் என்றும், விறகுச் சாம்பல் அதற்கு நேர்மாறாகச் சுண்ணமும் பொட்டாசியமும் நிறைந்து இளக்கியாக வேலை செய்யும் என்றும் அன்றுதான் அறிந்தேன்.

என் பக்கத்து மேசையில் இருந்தவர் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்ற தமிழர். அவரை நான் "சார்" என்றே அழைத்தேன்; பெயர் கேட்க நான்கு வாரம் ஆயிற்று. நான் முதல் நாளே பச்சை வேண்டும், செம்பு ஆக்சைடு எங்கே என்று பரபரத்தபோது அவர், "எதையும் சேர்க்காத வெறும் கலவையில் ஒன்றைச் சுட்டு வைத்துக்கொள்ளம்மா. கிளேஸே போடாத அகல் ஒன்றையும் சேர்த்துச் சுடு. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லாமல் சோதனை என்று சொல்லக்கூடாது" என்றார். அவ்வளவு பயன்தரும் அறிவுரையை அந்த ஆறு வாரத்தில் வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதன் பயனைக் கடைசியில் சொல்கிறேன்.

மற்றவர்கள் சோதனைக்குச் சிறு மண்வில்லைகளைச் செய்து நிமிர்த்தி வைத்துச் சுட்டார்கள். படுக்கவைத்த வில்லையில் கிளேஸ் எவ்வளவு வழியும் என்பது தெரியாது. நான் வில்லைக்குப் பதிலாகச் சின்ன அகல்களையே செய்ய அனுமதி கேட்டேன். ஆசிரியை சற்று யோசித்து ஒப்புக்கொண்டார், இரண்டாம் சுடலுக்குப் பிறகு அவரே அதைப் பாராட்டவும் செய்தார். அகலின் குழிவில் கிளேஸ் தேங்கி நிற்கும்போது அதன் கனமான நிறமும், திரி கிடக்கும் மூக்கு விளிம்பில் அது மெலியும்போது வேறொரு நிறமும், வெளிப்பக்கச் சரிவில் அது எவ்வளவு வழிகிறது என்பதும் ஒரே துண்டில் தெரிந்துவிடுகின்றன. நூற்றுக்குப் பத்துப் பங்கு இரும்பு ஆக்சைடு சேர்த்த அகல், குழிவில் கருங்குவளை மலர் போல் கறுத்தும், மூக்கில் துருச்சிவப்பாக வெளுத்தும் வந்ததை வில்லை எதுவும் அவ்வளவு அழகாகக் காட்டியிருக்காது. நான்கு பங்கு இரும்பு தேன் நிறம் தந்தது. கோபால்ட் அரைப் பங்கு போதும், ஒரு பங்குக்கே நீலம் கண்ணைக் குத்துகிறது. நான் தேடிய பச்சை, செம்பு கார்பனேட் மூன்று பங்கில் கிடைத்தது: மழைக்குப் பிறகு கோயில் குளத்துப் படியில் படர்ந்திருக்கும் பாசியின் நிறம்.

செம்பு கூடுதலாக உள்ள கிளேஸைக் காப்பிக் குவளையின் உட்புறத்தில் பூசக்கூடாது, புளிப்பான எதுவும் பட்டால் அது கரைந்து வரக்கூடும் என்று ஆசிரியை எச்சரித்தார். சந்தேகமிருந்தால் எலுமிச்சைத் துண்டு ஒன்றை ஓரிரவு அதன்மேல் வைத்துப் பார்க்கலாம், அடியில் நிறம் வெளுத்திருந்தால் அந்தப் பாத்திரத்தில் உண்ணவோ குடிக்கவோ வேண்டாம். ஆனால் நிறம் மாறாததை மட்டும் வைத்து அது பாதுகாப்பானது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது, அதற்கு ஆய்வுக்கூடச் சோதனைதான் வேண்டும் என்றும் சொன்னார். அகலில் யாரும் ரசம் ஊற்றிக் குடிக்கப் போவதில்லை என்பதால் எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. விளையாடிப் பார்க்க அகலைப் போல் நல்ல பாண்டம் வேறில்லை.

மின்சூளையில் செம்பு பச்சையாகத்தான் வரும் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதே செம்பு, எரிவாயுச் சூளையில் காற்று குறைத்துச் சுடும்போது, இரத்தச் சிவப்பாக மாறும். ஆக்சிஜன் கிடைக்காத நெருப்பு உலோக ஆக்சைடிலிருந்தே ஆக்சிஜனைப் பறித்துக்கொள்வதால் வரும் மாற்றம் அது. இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குக் கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கருப்பு-சிவப்புப் பானைகள் நினைவுக்கு வந்தன. அவற்றில் கிளேஸ் இல்லை. ஆனால் காற்று படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுத்து, காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்தது இதே கணக்கில்தான். ஆசிரியைக்கு அந்தப் பானைகளைப் பற்றித் தெரியாது; கைப்பேசியில் படம் காட்டியதும் வகுப்பை நிறுத்திவிட்டு அனைவருக்கும் அதைக் காட்டினார்.

இந்த வகுப்பின் மிகச் சிறந்த பாடம் மூன்றாம் வாரத்தில், என் அறியாமையால் கிடைத்தது. புதிதாகச் செய்வானேன், கடையில் வாங்கிய சுடுமண் அகலிலேயே இந்தக் கிளேஸைப் பூசிச் சுட்டுவிடலாமே என்று எண்ணி, ஆறு அகல்களைப் பையில் போட்டு எடுத்துச் சென்றிருந்தேன். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டிருக்கலாம். ஆசிரியை அப்படிச் செய்யாமல், ஒன்றை மட்டும் எடுத்து, பழுதுபட்ட ஒரு கிண்ணத்துக்குள் உட்காரவைத்துச் சூளையின் மூலையில் வைத்தார். மறுவாரம் திறந்தபோது அகல் இல்லை. கிண்ணத்துக்குள் பனைவெல்லப் பாகு காய்ச்சி ஊற்றியதுபோல் கரும்பழுப்பாக ஏதோ பொங்கி, கொப்புளமிட்டு உறைந்திருந்தது. இரும்பும் இளக்கிகளும் நிறைந்த செம்மண் குறைந்த சூட்டில் சுடப்படுவதற்கானது. 1220 டிகிரியை அது தாங்காது. அந்தக் கிண்ணத்தை அவர் என்னிடமே கொடுத்துவிட்டார், இப்போது என் சாவிகளை அதில்தான் போட்டு வைக்கிறேன்.

சூட்டை அளக்க அவர்கள் மின்திரையை மட்டும் நம்புவதில்லை. கிளேஸும் மண்ணும் கலந்து செய்த சிறு கூம்புகளைச் சூளைக்குள் நிறுத்தி, எந்தக் கூம்பு எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பார்த்து, பாண்டம் உண்மையில் எவ்வளவு சூட்டை வாங்கியது என்று கணிக்கிறார்கள். ஆறாம் எண் கூம்பு வளைந்து அதன் நுனி தரையைத் தொட வேண்டும். மேல்தட்டில் அது தொட்டிருந்தது. கீழ்த்தட்டில் பாதிதான் வணங்கியிருந்தது. ஒரே கலவையில் செய்த என் இரண்டு பச்சைகள் ஏன் வேறுபட்டன என்பதற்கு விடை அந்தக் கூம்புகளில் இருந்தது. ஆயினும் எந்தச் சுடலில் எந்தத் தட்டு எவ்வளவு வளைந்தது என்ற பதிவேட்டைப் பட்டறை முறையாக வைத்திருக்கவில்லை. மாணவர்கள் ஒவ்வொரு அரைக் கிராமையும் நோட்டில் எழுத வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லும் இடம், தன் சூளையின் கணக்கை எழுதாமல் விடுவது எனக்கு ஒப்பவில்லை.

வேறு சில தோல்விகளும் உண்டு. ஃபெல்ட்ஸ்பாரைக் கூட்டிப் பார்த்த கலவை ஒன்று, சூளையிலிருந்து எடுத்த பிறகு மூன்று நாள் வரை அலமாரியில் 'டிங், டிங்' என்று சத்தமிட்டுக்கொண்டே இருந்தது. கூர்ந்து பார்த்தால் மேற்பரப்பு முழுவதும் மயிரிழை வெடிப்புகள். சோடியமும் பொட்டாசியமும் மிகுந்தால் கிளேஸ் ஆறும்போது மண்ணைவிட அதிகமாகச் சுருங்கும், சுருங்க இடமில்லாமல் வெடிக்கும். சிலிக்காவை இருபதிலிருந்து இருபத்தைந்தாக உயர்த்தியதும் சத்தம் நின்றது. விரல் பட்ட எண்ணெய்ப்பசையால் ஓரிடத்தில் கிளேஸ் ஒட்டாமல் சுருண்டு விலகியது. இவற்றையெல்லாம்விட வியப்பளித்தது, வெள்ளீய ஆக்சைடு சேர்த்து நான் செய்த தூய வெள்ளை அகல் ஒரு பக்கம் மட்டும் ரோஜா நிறமாக வந்ததுதான். அருகில் இருந்த இன்னொருவரின் பச்சை ஜாடியில் குரோமியம் இருந்திருக்கிறது. சூட்டில் அது ஆவியாகிப் பக்கத்து வெள்ளீயத்தோடு சேர்ந்தால் இளஞ்சிவப்பு பிறக்கும். சூளையில் அடுக்கும்போது இவ்விரண்டையும் பிரித்து வைத்திருக்க வேண்டும். அது பட்டறையின் கவனக்குறைவு. ஆனால் மறைக்காமல் ஒப்புக்கொண்டு காரணத்தையும் சொன்னார்கள். அந்த அகல்தான் அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

மன்னிக்க முடியாத குறை என்று நான் கருதுவது தூசி. காய்ந்த சிலிக்காப் பொடியைப் பல ஆண்டுகள் சுவாசித்தால் நுரையீரல் கெட்டுவிடும் என்பது மட்பாண்டத் தொழிலில் அனைவரும் அறிந்தது. பொடி நிறுக்கும்போது எங்களுக்குக் கொடுத்தவை சாதாரணத் துணி முகக்கவசங்கள். வகுப்பு முடிந்ததும் உதவியாளர் தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினார். வெயில் விழும் சன்னலோரத்தில் தூசி மிதப்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஈரத்துணியால் துடைப்பதுதான் முறை. சாரும் நானும் இதைச் சொன்ன பிறகு அடுத்த வாரம் ஈரமாகத் துடைத்தார்கள், நல்ல முகக்கவசங்களும் வந்தன. ஆறாம் வாரம் மறுபடி துடைப்பம் வந்துவிட்டது. நாங்கள் வாரம் மூன்று மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறவர்கள். அந்த உதவியாளர் நாள் முழுவதும் அங்கேயே இருப்பவர்.

பணம் தொடர்பாக ஒரு வருத்தம்: என் கிளேஸ் வழிந்து சூளைத் தட்டில் ஒட்டிக்கொண்டதற்கு 35 வெள்ளி கூடுதலாக வாங்கினார்கள். தட்டைச் செதுக்கிச் சுத்தம் செய்ய உழைப்பு உண்டு என்பது நியாயம். ஆனால் சோதனை செய்துபார்க்கும் வகுப்பில் வழிவதும் பாடத்தில் ஒரு பகுதி. இந்தக் கட்டணத்தைச் சேரும்போதே சொல்லியிருக்க வேண்டும். அடியில் மெழுகு தடவி, ஒரு சிறு மண்தட்டின்மேல் வைத்துச் சுட்டால் இந்தச் செலவைத் தவிர்க்கலாம் என்பதைப் பணம் கட்டிய பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

வகுப்பு நடந்த வாரங்களில் நானாகவே இரண்டு இடங்களுக்குப் போய்வந்தேன். பாடத்தில் அவை இல்லை, இருந்திருக்கலாம். ஒன்று, எம்பிரஸ் பிளேசில் உள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகம். இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998இல் கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலிலிருந்து கிடைத்த, சீனாவின் சாங்ஷாவில் செய்த கிண்ணங்கள் அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. அந்தக் கப்பலில் இருந்த பீங்கான்கள் ஏறத்தாழ 60,000. அவற்றில் இரும்பின் பழுப்பையும் செம்பின் பச்சையையும் பார்த்தபோது, என் நோட்டில் இருக்கும் சதவீதங்களை வைத்துக்கொண்டு அந்தக் குயவர்களோடு பேசலாம்போல் இருந்தது. மற்றொன்று, லோரோங் தாவாசில் எஞ்சியிருக்கும் இரண்டு நாகச் சூளைகள், அதாவது சரிவில் நீண்டு கிடக்கும் விறகுச் சூளைகள். ஒன்று 1940இலும் மற்றது 1958இலும் கட்டப்பட்டவை. விறகுச் சாம்பல் பறந்து பாண்டத்தின்மேல் படிந்து, உருகித் தானே கிளேஸாகும் சூளை அது. எந்த மின்சூளையும் அதைத் தராது.

அந்தக் காலத்தில் சிங்கப்பூரின் நாகச் சூளைகளில் ரப்பர்ப் பால் பிடிக்கும் கிண்ணங்களும் செய்யப்பட்டன. ஜோகூர்த் தோட்டத்தில் பால் வெட்டிய என் தாத்தா அவற்றை மங்கு என்றுதான் சொல்வார். அவர் கொண்டுவந்த மங்கு ஒன்று இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது: உள்ளே மட்டும் பழுப்புக் கிளேஸ், வெளியே வெறும் மண். பால் உறைந்து ஒட்டினால் ஒரே இழுப்பில் உரித்தெடுக்கத்தான் உள்ளே அந்தப் பூச்சு. என் அகல்களிலும் கிளேஸை உட்புறத்திலும் மூக்கிலும் மட்டும் பூசுவது என்று முடிவு செய்தது அந்த மங்கைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான்.

இனி சோதனையின் முடிவு. கடையகல் ஒன்றை நிறுத்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, ஒரு நாள் ஊறவிட்டு மறுபடி நிறுத்தேன்: 40 கிராம் 46 ஆயிற்று. 1220 டிகிரியில் சுட்ட என் ஸ்டோன்வேர் (உயர்ந்த சூட்டில் இறுகும் மண்) அகல் 62லிருந்து 63 ஆனது. பிறகு பன்னிரண்டு அகல்களில் நல்லெண்ணெய் ஊற்றி, அடியில் தமிழ் முரசு விரித்து, மூன்று இரவு வைத்தேன். கடையகலின் அடியில் தாள் முதல் இரவே ஊறிப்போய் மறுபக்கத்துச் செய்தி தெரிந்தது. என் அகல்கள் ஒன்றும் கசியவில்லை. சார் சொன்னதற்காகச் சுட்டு வைத்த, கிளேஸே இல்லாத அகலும் கசியவில்லை. எண்ணெயைத் தடுத்தது இறுகச் சுட்ட மண். ஆறு வாரம் நான் துரத்திய பச்சைக்கு அதில் பங்கே இல்லை. ஆனால் திரி கருகி எண்ணெய்ப் பிசுக்கு உறைந்த பிறகு, கிளேஸ் பூசிய அகல் ஒரு துடைப்பில் சுத்தமாகிறது, பூசாததைச் சாம்பல் போட்டுத் தேய்த்தும் கறை போகவில்லை.

விழாவுக்குப் பரிசளிக்க இரண்டு அழகான குவளைகள் வேண்டும் என்பவர்கள் இந்த வகுப்பில் சேர வேண்டாம். ஆறு வாரம் முடிவில் கையில் மிஞ்சுவது நாற்பது சிறு துண்டுகளும் ஒரு நோட்டும்தான். ஏன் என்று கேட்டுப் பழகியவர்கள் தாராளமாகச் சேரலாம், தூசி விஷயத்தை முதல் நாளே கேட்டுவிட்டு. நான் செப்டம்பரில் தொடங்கும் அடுத்த கட்ட வகுப்புக்கு முன்பணம் கட்டிவிட்டேன். முதல் வகுப்புக்குப் போகும்போது, ஓர் ஈரத் துடைப்பானும் வாளியும் வாங்கிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.